தண்ணீர் ஊற்றாத பெயர்

சாந்தோமில் காலைப் பூசைக்கு மணி அடிப்பதற்கு முன்பே ஆம்ப்ரோஸ் எழுந்துவிடுவார். நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்கிறாரோ இல்லையோ, தலைமாட்டில் கிடக்கும் போனை எடுத்துவிடுவார். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, ஆறுகளின் நீர்மட்டம் போடும் அரசாங்கப் பக்கம் ஒன்றைத் திறந்து, விரலால் தள்ளித் தள்ளி, நூற்றுக்கணக்கான பெயர்களுக்கு நடுவில் ஒரு பெயரில் போய் நிற்பார். அதற்கு நேரே இருக்கும் எண்ணைப் பார்த்த பிறகுதான் அவருக்குப் பொழுது விடியும். எண் நேற்றுப் போலவே இருந்தால் முகம் தெளியும். கோடையில் இறங்கிப் போயிருந்தாலோ, மழைக்காலத்தில் சரசரவென்று ஏறியிருந்தாலோ, அன்று முழுக்க மனுஷர் சரியாகச் சாப்பிட மாட்டார்.

மனைவி ஃப்ளோராவுக்கு விவகாரம் தெரியாது. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். அவர் போட்ட கணக்குப்படி இது பங்குச் சந்தை. "ரிட்டயர் ஆனதுல இருந்து ஏதோ ஷேர் வாங்கிப் போட்டிருக்காரு. ஏறுது, எறங்குதுன்னு அவரே முனகிக்கிறாரு. எனக்கு மட்டும் சொல்ல மாட்டாரு" என்று எதிர்வீட்டு ஈவ்லினிடம் சொல்லி வைத்திருந்தார். பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் அம்மாவுக்கு இதில் வேறு கோபம். "இன்னா சார், மீன பாக்காம போனயே பாத்துக்கினு கீறே? சங்கரா இப்பதான் வலையில இருந்து வந்துச்சு. கண்ண பாரு, உன்னியேதான் பாக்குது." ஆம்ப்ரோஸ் நிமிர்ந்து சங்கராவைப் பார்ப்பார். கை போனை விடாது.

அவர் பார்த்துக்கொண்டிருந்தது ஜவ்வாது மலையின் கிழக்கு அடிவாரத்தில் ஓடும் ஒரு ஓடையை. அங்கே பாறைக்கு நடுவில் ஒரு இரும்புக் கம்பம் நட்டிருக்கிறது, கம்பத்தின் தலையில் ஒரு சென்சார். தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று அது சென்னைக்குச் சொல்லும், சென்னை அதை எல்லாரும் பார்க்கும்படி போடும். எல்லாரும் என்றால் ஆம்ப்ரோஸ் ஒருவர்தான். சிரிப்பதானால் இப்போதே சிரித்துவிடுங்கள். அந்த ஓடைக்கு ஜொவிட்டா ஓடை என்று பெயர். ஜொவிட்டா அவருடைய மகள்.

இது ஊரில் யாருக்கும் தெரியாது. பெற்றவளுக்கே தெரியாது. அந்தப் பெயர் கோயில் புத்தகத்தில் இல்லை, கல்லறைக் கல்லில் இல்லை, வீட்டில் எந்தப் படத்துக்கு அடியிலும் இல்லை. உலகத்தில் அது எழுதப்பட்டிருந்த ஒரே இடம் அந்த ஓடைதான்.

ஆம்ப்ரோஸ் நிலத்தியல் படித்தவர். அரசாங்கத்தின் நீர்வளத் துறையில் சேர்ந்து, மலையும் ஆறுமாக அலைந்து, தலை நரைத்து வெளியே வந்தவர். கோயில் குடும்பங்கள் வீட்டுக்கு வீடு கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்தில் அவரிடம் கல்லைப் பற்றி யாராவது வாயைக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கமே தேவலாம் என்றாகிவிடும். பல்லாவரத்துப் பாறையைப் பற்றிச் சொல்வது அவருக்கு ரொம்பப் பிடிக்கும். "கல்கத்தாவுல ஒரு வெள்ளைக்காரன் கல்லறைக்கு நம்ம ஊர்ப் பக்கத்துக் கல்லைத்தான் வெச்சாங்க. அந்தக் கல்லறைக்காரன் பேரையே அப்புறம் பாறைக்கு வெச்சிட்டாங்க. கல்லறையில இருந்து பாறைக்குப் பேர் வந்த கதை வேற எங்கயாவது உண்டா?" என்பார். சொல்லி முடித்ததும் சட்டென்று பேச்சை நிறுத்திக்கொண்டு வாசலைப் பார்ப்பார். மூச்சு வாங்குகிறது போல என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

குழந்தை பிறந்து முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. ஐப்பசி மழை. மயிலாப்பூரில் ஒரு சின்ன நர்சிங் ஹோம். ஃப்ளோராவின் வயிறு கூம்பியிருக்கிறது, பையன்தான் என்று கோயில் பங்கில் உள்ள அத்தனை பெண்களும் தீர்ப்புச் சொல்லியிருந்தார்கள். ஃபிரெட்ரிக் என்று பெயர் கூட முடிவாகிவிட்டது. பெண் பெயர் எதையாவது யோசித்தால் உள்ளே இருக்கும் பையன் கோபித்துக்கொள்வான் என்பதுபோல யாரும் அந்தப் பக்கமே போகவில்லை. பிறந்ததோ பெண். மாதம் முடியாமல், ஆபரேஷன் செய்து எடுத்த பெண். ஃப்ளோரா மேல் மாடியில் மயக்கத்தில் கிடந்தார். கீழே கண்ணாடிப் பெட்டிக்குள் குழந்தை மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தது.

டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். அங்கே இருந்த நர்ஸ் நல்ல பெண். "சார், நீங்க கிறிஸ்டின்தானே? ஃபாதர் வர வரைக்கும் பாக்காதீங்க. நீங்களே தண்ணி ஊத்திடலாம்" என்று மெதுவாகச் சொன்னார். ஆம்ப்ரோஸுக்கு அது தெரியாதா? ஞானோபதேச வகுப்பில் முதல் பரிசு வாங்கிய பையன் அவர். சாகக் கிடக்கும் குழந்தைக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். தலையில் தண்ணீர் ஊற்றி, பெயரைச் சொல்லி, அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னால் முடிந்தது. சாமியார் கொடுத்ததற்கு அது ஒரு இழையும் குறைந்ததில்லை. அறையின் மூலையில் குழாய் இருந்தது. குழாயில் தண்ணீரும் வந்தது.

ஆனால் சாகக் கிடக்கும் குழந்தைக்குத்தானே அந்த வழி? ஊற்றினால், ஆமாம், இது சாகப்போகிறது என்று தகப்பனே தன் கையால் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடாதா? அந்த ஒரு எண்ணத்தில் மாட்டிக்கொண்டார் மனுஷர். "இல்ல சிஸ்டர், ஃபாதரையே கூட்டிட்டு வந்துர்றேன்" என்று ஸ்கூட்டரை எடுத்தார். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். லஸ் முனையில் முழங்கால் அளவு தண்ணீர். ஸ்கூட்டர் நின்றுபோயிற்று. தள்ளிக்கொண்டே போகும்போதுதான், ஃபாதர் பெயர் கேட்பாரே என்று நினைவு வந்தது. சின்ன வயதில் கோயிலில் ஆர்மோனியம் வாசித்த ஒரு கன்னியாஸ்திரியின் பெயர் எங்கிருந்தோ வாயில் வந்து நின்றது. ஜொவிட்டா. சொல்லிப் பார்த்தார். நன்றாக இருந்தது. மழையில் நனைந்துகொண்டு, ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு, அந்த ஒரு தெரு நீளத்துக்கு அவர் சந்தோஷமாகக் கூட இருந்தார்.

குடையும் ஃபாதருமாகத் திரும்பி வந்தபோது பெட்டியின் மேல் துணி போட்டிருந்தார்கள்.

ஞானஸ்நானம் பெறாத குழந்தையைக் கல்லறைத் தோட்டத்தில் மதிலோரமாக, கல் வைக்காமல், பெயர் எழுதாமல் புதைப்பது அந்தக் காலத்து வழக்கம். இப்போதெல்லாம் அப்படியில்லை, அந்தக் குழந்தைகளுக்கும் ஜெபம் சொல்லி நல்ல இடமாகப் பார்த்து வைக்கிறார்கள் என்கிறார்கள். அன்று பழைய வழக்கப்படிதான் நடந்தது. பச்சை உடம்புக்காரி, பார்த்தால் தாங்க மாட்டாள் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டதால் ஃப்ளோராவுக்குக் குழந்தையைக் காட்டவே இல்லை. மயக்கம் தெளிந்து, அழுது ஓய்ந்து, ஒருநாள் அவர் கேட்டது ஒரே கேள்வி.

"என்ன பேர் வெச்சீங்க?"

"வைக்கல" என்றார் ஆம்ப்ரோஸ்.

ஃப்ளோரா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்கப்புறம் அவர்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. அந்தப் பேச்சையும் இருவரும் எடுக்கவில்லை. வருஷா வருஷம் கல்லறைத் திருநாளன்று சொந்தக்காரர்களின் கல்லறைகளுக்குப் பூ வைத்துவிட்டு, ஃப்ளோரா ஒரு மெழுகுவர்த்தியை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டு மதிலோரம் போவார். எந்த இடம் என்று அவருக்குத் தெரியாது. உத்தேசமாக ஒரு இடத்தில் ஏற்றி வைத்துவிட்டு வருவார். ஆம்ப்ரோஸ் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

மறுவருஷம் சித்திரையில் ஜவ்வாது மலை அடிவாரத்தில் வேலை. வரைபடத்தில் விட்டுப்போன ஓடைகளைக் குறிக்கச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஆறெல்லாம் வறண்டு மணல் கொதித்துக்கொண்டிருந்தது. ஒரே ஒரு ஓடையில் மட்டும் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. கணுக்கால் அளவுதான், ஆனால் நிற்காமல். இது எங்கிருந்து வருகிறது என்று மேலே ஏறிப்போய்ப் பார்த்தார். பள்ளத்தாக்கின் குறுக்கே கருங்கல் சுவர் ஒன்று. யாரும் கட்டிய சுவரில்லை. எந்தக் காலத்திலோ பூமிக்கு அடியிலிருந்து குழம்பாக எழும்பி, பாறை வெடிப்புக்குள் இறுகி நின்றது. மலையில் பெய்த மழையெல்லாம் மண்ணுக்குள் இறங்கி வந்து அந்தச் சுவரில் முட்டி, அதற்கு அப்பால் போக வழியில்லாமல் ஊறி வெளியே வந்துகொண்டிருந்தது. எந்தக் கோடையிலும் வற்றாத ஓடை என்று பார்த்த மாத்திரத்தில் அவருக்குத் தெரிந்துபோயிற்று.

அங்கேயே உட்கார்ந்து அழுதார். பிறகு ஒரு கை தண்ணீரை அள்ளி, அதே தண்ணீரில் ஊற்றி, பெயரைச் சொல்லி, அந்த வாக்கியத்தையும் சொன்னார். ஓடைக்குக் கொடுக்கும் ஞானஸ்நானம் செல்லாது என்று முதல் பரிசு வாங்கியவருக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்துதான் செய்தார்.

வரைபடத்தில் பெயர் எழுதுவதற்கு ஒரு முறை உண்டு. உள்ளூர்க்காரர்கள் சில பேரிடம் தனித்தனியாகக் கேட்க வேண்டும்; எல்லாரும் ஒன்றையே சொன்னால்தான் எழுதலாம். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த ஒருவரிடம் ஆம்ப்ரோஸ் கேட்டார். "ஓடைங்க" என்றார் அவர். ஊரில் இருப்பது ஒரே ஓடை, அதற்கு அந்த நேரத்தில் வேறென்ன சொல்வார்? திருப்பத்துக்கு அப்பால் ஊர் இருந்தது, அடுப்புப் புகை கூடத் தெரிந்தது. ஆம்ப்ரோஸ் அந்தப் பக்கம் போகவில்லை. போனால் யாராவது ஒரு பெயரைச் சொல்லிவிடுவார்கள் என்று பயம். உள்ளூர்ப் பெயர் என்ற இடத்தில் 'ஜொவிட்டா ஓடை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தப் பக்கம் ஏதோ கிறிஸ்தவர் குடியிருப்பு இருக்கும் போல என்று மேலதிகாரிகள் நினைத்துக்கொண்டார்கள். வரைபடம் அச்சாகி வந்துவிட்டது.

சில வருஷம் கழித்து அங்கே அளவுக் கம்பம் நட்டார்கள். மழைக்காலத்தில் நீர்மட்டம் போனில் வரும். பக்கத்து மேஜையில் இருப்பவர் உரக்கச் சொல்லி எழுதுவார். "ஜொவிட்டா இன்னிக்கு சாந்தமா இருக்கா." "ஜொவிட்டா ஏறுறா சார், சாயங்காலத்துக்குள்ள ஆட்டம் காட்டுவா." ஆம்ப்ரோஸ் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார். தன் மகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அவருக்கு அது போதும் போலிருந்தது. இந்நேரம் பள்ளிக்கூடம் போயிருப்பாள், இந்நேரம் காலேஜ் என்று மனசுக்குள் வயசு ஏற்றிக்கொண்டே வந்தார். ஓடை அழகாக இருக்கிறது என்று கேள்விப்பட்டு, கல்யாண ஜோடிகள் படம் பிடிக்க வர ஆரம்பித்தபோது, "கண்டவனும் வந்து நிக்கிறான்" என்று அலுவலகத்தில் எரிந்து விழுந்தார். ஓடைக்குப் போய் இந்த மனுஷர் ஏன் இப்படித் துடிக்கிறார் என்று யாருக்கும் புரியவில்லை.

ஃப்ளோராவிடம் ஏன் சொல்லவில்லை? சொல்ல வாயெடுத்த நாட்கள் உண்டு. ஒவ்வொரு தடவையும் ஃப்ளோரா திருப்பிக் கேட்கப்போவது அவர் காதில் முன்கூட்டியே விழுந்துவிடும்: ஓடைக்கு வைக்கத் தெரிந்த பெயரைக் குழந்தைக்கு வைக்கத் தெரியவில்லையா? இதற்கு அவரிடம் பதில் இல்லை. பதில் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள், தள்ளிப் போடுவார்கள். ஒருநாள், ஒரு வருஷம் என்று தள்ளிப் போட்டு, கடைசியில் அந்த வீட்டில் அது சொல்ல முடியாத விஷயமாகவே ஆகிவிட்டது.

போன மாதம் ஷ்ரேயா என்ற பெண் போனில் பேசினார். ஆம்ப்ரோஸ் இருந்த அதே பிரிவில் இப்போது வேலையில் இருப்பவர். "சார், உங்ககிட்ட ஒரு ஓடையப் பத்திக் கேக்கணும். உங்களுக்கு முட்டி வலின்னு சொன்னாங்க, நாங்களே வர்றோம்" என்றார். எந்த ஓடை என்று ஆம்ப்ரோஸ் கேட்கவில்லை.

ஷ்ரேயாவுடன் புகழேந்தி என்ற விவசாயியும் வந்தார். ஓடைக்கரை ஊர்க்காரர். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, ஃப்ளோரா கொடுத்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். ஃப்ளோரா காபி போட உள்ளே போனார்.

"ரெண்டு வருஷமா நடக்கறோம் சார்" என்று ஆரம்பித்தார் புகழேந்தி. "பொயல் வந்தப்ப ஓட கரைய ஒடச்சிக்கினு வந்து நெல்லு முச்சூடும் மண்ணு மூடிக்கிச்சி. நிவாரணம் கேட்டா, கொள்ளுக்காட்டு ஓடையில வெள்ளம் வந்ததுக்கு ஆதாரம் இன்னான்றாங்க. அந்தப் பேர்ல கம்பமே இல்லன்றாங்க. கம்பம் எங்க ஓடையிலதான் சார் நிக்குது. அதுல வேற பேரு எழுதிகீது."

"பட்டாவுல, கிராமக் கணக்குல எல்லாம் கொள்ளுக்காட்டு ஓடைன்னுதான் இருக்கு சார்" என்றார் ஷ்ரேயா. "அங்க வெள்ளம் வந்ததா நம்ம ரெக்கார்டுல இல்ல. ஜொவிட்டா ஓடையில வெள்ளம் வந்திருக்கு. ஆனா ஜொவிட்டா ஓடைக்கரையில யாருக்கும் நெலம் இல்ல. ரெண்டும் ஒண்ணுதான்னு நேர்ல போய்ப் பாத்தப்பதான் எனக்கே தெரிஞ்சது."

ஆம்ப்ரோஸுக்கு அந்தப் புயல் நன்றாக நினைவிருந்தது. எண் ஏற ஏற, அவர் கையில் ஜெபமாலையை வைத்துக்கொண்டு அன்று முழுக்கப் பட்டினி உட்கார்ந்திருந்தார். மறுநாள் இறங்கியதும், அப்பாடா, அடங்கிவிட்டாள் என்று இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டார். அவள் கரையைத் தாண்டிப் போன இடத்தில் வயல் இருக்கும், வயலுக்கு ஒரு சொந்தக்காரர் இருப்பார் என்று ஒருநாளும் அவருக்குத் தோன்றியதில்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான். அவர் துக்கத்துக்கு யார் யாரோ அலைந்திருக்கிறார்கள்.

"நீங்க எழுதின பேரு சார்" என்று ஷ்ரேயா விளக்கினார். "ஊர்க்காரங்க சொல்லித்தான் எழுதினேன்னு நீங்க சொன்னா, ரெண்டு பெயருமே புழக்கத்துல இருக்குன்னு ஆயிடும். அப்புறம் கமிட்டி, விசாரணைன்னு வருஷக்கணக்கா இழுக்கும். தப்பா எழுதிட்டேன்னு சொன்னீங்கன்னா, அடுத்த வாரமே ஜொவிட்டாவ எடுத்துட்டு மாத்திடலாம். அவங்களுக்கும் பணம் கெடச்சிடும்."

ஒரு வார்த்தை போதும். ஊர்க்காரர்கள் சொன்னார்கள் என்று சொன்னால் அவர் இருக்கிற வரைக்கும் ஜொவிட்டா இருப்பாள். யாரும் அவரைக் கேள்வி கேட்கப்போவதில்லை. அன்று அந்தக் கரையில் மாட்டோடு நின்ற மனிதர் இன்று இருக்கிறாரோ இல்லையோ. ஆம்ப்ரோஸ் அதைச் சொல்லத்தான் நினைத்தார். நல்லவர் என்பதற்காக அவரைப் பற்றிப் பொய் சொல்ல வேண்டியதில்லை. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

அப்போது புகழேந்தி சொன்னார்: "ஜொவிட்டான்னு எங்கூர்ல யாரும் பொறக்கவும் இல்ல, சாவவும் இல்ல சார். வயசானவங்க எல்லார் கிட்டயும் கேட்டுட்டோம்." குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். சொல்லிவிட்டு, மண் காய்ந்து வெடித்திருந்த தன் கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் முழங்காலில் வைத்துக்கொண்டார்.

ஃப்ளோரா காபித் தட்டோடு வந்து நின்றார்.

"யார் சார் அது?" என்று ஷ்ரேயா கேட்டார். "மிஷனரி அம்மா யாராவதா?"

"யாரும் இல்லம்மா" என்றார் ஆம்ப்ரோஸ். ஃப்ளோரா பக்கம் அவர் திரும்பவில்லை. "அப்படி யாரும் கெடையாது. நான் தப்பா எழுதிட்டேன். எடுத்துடுங்க."

இயேசுவைத் தெரியாது என்று பேதுரு மறுதலித்தபோது கோழியாவது கூவியது. இங்கே புகழேந்தி கையெடுத்துக் கும்பிட்டார், அவ்வளவுதான். ஷ்ரேயா நீட்டிய தாளில் ஆம்ப்ரோஸ் கையெழுத்துப் போட்டார். காபி குடித்துவிட்டு, முட்டிக்கு என்ன வைத்தியம் என்று விசாரித்துவிட்டு, இருவரும் கிளம்பிப் போனார்கள்.

ஃப்ளோரா தம்ளர்களை எடுக்கவில்லை. புகழேந்தி உட்கார்ந்திருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"யாருங்க ஜொவிட்டா?"

"அதான் சொன்னேனே."

"அந்தப் பேரு உள்ள வரைக்கும் கேட்டுச்சு. யாரும் இல்லன்னு சொன்னப்ப நீங்க என் பக்கமே திரும்பல. நான் பாத்துட்டுத்தான் நின்னேன். காலையில எழுந்ததும் போன், ராத்திரி படுக்கப் போறப்ப போன். இத்தன வயசுக்கு மேல எவங்க அவ?"

வேறொரு நாளாக இருந்தால் இருவரும் சிரித்திருப்பார்கள். ஆம்ப்ரோஸ் தரையைப் பார்த்தார்.

"நம்ம பொண்ணு" என்றார்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். குழாயை, நர்ஸை, லஸ் முனையை, கருங்கல் சுவரை, காலை தோறும் பார்க்கும் எண்ணை. ஒரு பிள்ளை தப்புத் தப்பாகப் போடும் கணக்கை முடிக்கட்டும் என்று காத்திருக்கும் டீச்சர் போல ஃப்ளோரா குறுக்கே பேசாமல் கேட்டார். முடித்ததும் கேட்டார்.

"இந்தப் பேர எப்ப வெச்சீங்க?"

"ஃபாதர கூப்பிடப் போனப்ப. ஸ்கூட்டரத் தள்ளிட்டுப் போறப்ப."

"அப்ப நான் கேட்ட அன்னிக்கு அவளுக்குப் பேர் இருந்துச்சு."

"இருந்துச்சு."

"வைக்கலன்னு சொன்னீங்க."

"தண்ணி ஊத்தலையே ஃப்ளோரா. தண்ணி ஊத்தாத பேரப் பேர்னு எப்படிச் சொல்றது?"

இத்தனை வருஷமாக அவர் பயந்துகொண்டிருந்த கேள்வி வரவில்லை. ஃப்ளோரா கத்தவும் இல்லை. மெதுவாகத்தான் பேசினார்.

"ஆபீஸ்ல எல்லாரும் கூப்பிட்டிருக்காங்க. கம்பத்துல அளவு பாத்தவங்க கூப்பிட்டிருக்காங்க. போட்டோ எடுக்க வந்தவன் கூடக் கூப்பிட்டிருக்கான். பெத்தவ நான் ஒருத்தி மட்டும், எந்த இடம்னு தெரியாம ஒரு மெழுகுவர்த்திய ஏத்தி வெச்சுட்டு, பாப்பா பாப்பான்னுட்டு இருந்தேன். இன்னிக்கு என் காதுல விழுது அவ பேரு. இன்னிக்குத்தான் அப்படி யாரும் கெடையாதுன்னு எழுதிக் குடுத்தீங்க."

ஆம்ப்ரோஸால் அழ முடியவில்லை. அழுதால் அதற்கும் ஃப்ளோரா தன்னைத்தான் தேற்ற வேண்டியிருக்கும் என்று தோன்றியது.

ஃப்ளோரா கையை நீட்டினார். ஆம்ப்ரோஸ் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து கொடுத்தார். பெயர் இன்னும் மாறவில்லை. ஃப்ளோரா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். "ஜொவிட்டா" என்றார். இன்னொரு தரம், விளையாடப் போன பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி, கொஞ்சம் உரக்கச் சொன்னார். பிறகு போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கணவனின் பக்கம் திரும்பினார். முகத்தில் இப்போது கோபம் இல்லை. ஆசைதான் இருந்தது, அதைப் பார்க்கத்தான் ஆம்ப்ரோஸுக்குத் தாங்கவில்லை.

"எனக்குத்தான் காட்டலையே. நீங்க ஒருத்தர்தான் பாத்தீங்க. சொல்லுங்க. எப்படி இருந்தா?"

ஆம்ப்ரோஸ் நினைத்துப் பார்த்தார். கண்ணாடிப் பெட்டி நினைவுக்கு வந்தது. துணி வந்தது. துணிக்கு அடியில் இருந்த முகம் வரவில்லை. மூக்கு யாருடையது, முடி இருந்ததா, கண்ணைத் திறந்தாளா? எத்தனையோ வருஷமாக மகளை நினைக்கும்போதெல்லாம் அவர் ஓடைக்குத்தான் போய்க்கொண்டிருந்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டார். அப்போதும் ஓடைத் தண்ணீர்தான் நினைவில் வந்தது. ஃப்ளோரா காத்துக்கொண்டிருந்தார். ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"தெளிவா இருப்பா" என்றார். "மெலிசா. கல்லு மேல வர்றப்ப மட்டும் லேசா ஒரு சத்தம். வெயில் பட்டா அடியில இருக்கிற கூழாங்கல்லு ஒவ்வொண்ணும்..."

"நான் ஓடையக் கேக்கல" என்றார் ஃப்ளோரா.